கணக்குல சேறு கிடையாது

ஒரு கணக்குங்க. ஒண்ணே ஒண்ணு. நீங்க பதில் சொல்லீட்டா நான் வாயை மூடிக்கறேன். அப்பறம் நீங்க பாட்டுக்கு ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுத் தூங்கலாம்.

தலையில இருக்கற கட்டைப் பாக்காதீங்க. ஏழு தையல். அதுக்கு அப்பறம் வர்றேன். மொதல்ல கணக்கைக் கேளுங்க.

ஒரு கெணறு. தண்ணி நெறஞ்சு நிக்குது. பழைய மோட்டார் ஒண்ணு ஆறு மணி நேரம் ஓடுனா அதைக் காலி பண்ணீரும். புது மோட்டார் ஒண்ணு மூணே மணி நேரத்துல காலி பண்ணீரும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுவிட்டா எத்தனை மணி நேரம் ஆகும்?

நாலரையா? நெனச்சேன். ஆறையும் மூணையும் கூட்டி ரெண்டால வகுத்துட்டீங்க. கோவிச்சுக்காதீங்க, நூத்துக்குத் தொண்ணூறு பேரு இதைத்தான் சொல்றாங்க. ஏனுங்க, புது மோட்டாரு தனியா ஓடுனாலே மூணு மணி நேரம். ஒத்தாசைக்கு இன்னொருத்தன் வந்தா நேரம் கொறையுமா, கூடுமா? ஒரு மணி நேரத்துல பழசு ஆறுல ஒரு பங்கு எறைக்குது. புதுசு மூணுல ஒரு பங்கு. ரெண்டும் சேர்ந்தா பாதிக் கெணறு. அப்ப முழுக் கெணத்துக்கு ரெண்டு மணி நேரம். அவ்வளவுதான். இதுக்கு எதுக்குங்க ஒரு கொலை?

ஆமாங்க, கொலைதான்.

சத்தமாச் சொல்லீட்டனா? சரி சரி, மெதுவாப் பேசறேன். நீங்க எந்த ஊருக்குங்க? அவ்வளவு தூரமா, நல்லதாப் போச்சு. நான் மொட்டப்பாறை பிரிவுல இறங்கோணும். கண்டக்டரு கூப்படறேன்னு சொல்லியிருக்காரு. இன்னைக்கு எம்பட பெரிய மச்சானுக்குக் கருமாதி. எஞ் சம்சாரம் தெய்வானையோட பெரியண்ணன் நாச்சிமுத்து. அடிச்சது அவளோட சின்னண்ணன் திருமூர்த்தி. ஒரு வயித்துல பொறந்தவங்க. அவனை உள்ள வெச்சுட்டாங்க. ஜாமீன் கெடைக்கலை.

தெய்வானை தோட்டத்துலதான் இருக்கறா. எங்கூட வரமாட்டேங்கறா. ஆள் விட்டுக் கேட்டேன். என்ன சொல்லி அனுப்புனா தெரியுங்களா? 'கருமாதிப் பந்தி போடறதுக்கு முன்னால, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கறப்ப, நான் போட்ட கணக்கு தப்புன்னு எந்திரிச்சு நின்னு சொல்லச் சொல்லு. சொன்னா அவங்கூட வர்றேன். இல்லீன்னா இந்த ஜென்மத்துக்கு வரமாட்டேன்.' இருவத்தி ரெண்டு வருசம் குடும்பம் பண்ணுன பொம்பளை பேசற பேச்சாங்க இது?

தப்புன்னா சொல்லீரலாம். எனக்கென்ன கௌரவமா? ஆனாக் கணக்கு தப்பில்லீங்களே. அதைத்தான் உங்ககிட்டக் கேக்கறேன். நீங்க பொதுவான ஆளு. கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் பேரு சென்னியப்பன். ஸ்பின்னிங் மில்லுல டைம் ஆபீஸ் பாக்கறேன். எவன் எப்ப உள்ள வந்தான், எப்ப வெளிய போனான், எல்லாம் நம்ம கையில. கணக்குன்னா எனக்குச் சின்னதுல இருந்தே உசிரு. புத்தகக் கணக்கு இல்லீங்க, வாழ்க்கைக் கணக்கு. எங் கல்யாணப் பந்தியிலயே ரெண்டு மச்சானுக்கும் ஒரு கணக்குப் போட்டேன். வரப்புல பத்துக் கொக்கு நிக்குது. துப்பாக்கியில ஒண்ணைச் சுட்டாச்சு. மீதி எத்தனை? சின்னவன் திருமூர்த்தி இலையில கையை வெச்சுட்டே 'ஒம்போது'ன்னான். பந்தியே சிரிக்கற மாதிரி கேட்டேன், 'ஏன் மாப்ள, வெடிச்சத்தம் கேட்டும் மீதி ஒம்போதும் உன்னையாட்டம் முழிச்சுட்டு அங்கயே நிக்குமா? எல்லாம் பறந்துராது?' அவனுக்கு மூஞ்சி செவந்து போச்சு. பாதி இலையில எந்திரிச்சான். பெரியவரு நாச்சிமுத்துதான் தோளைப் புடிச்சு அழுத்தி உக்கார வெச்சாரு. அன்னைல இருந்தே அவனுக்கு எம்மேல ஒரு இது.

அவங்க அப்பன் போனப்பறம் காட்டை ரெண்டாப் பிரிச்சாங்க. கெணத்தைப் பிரிக்க முடியுமா? அதனால முறை வெச்சுட்டாங்க. இன்னைக்கு அண்ணன் தண்ணி கட்டுனா நாளைக்குத் தம்பி. நல்லாத்தான் போச்சு. இந்த வருசம் மழை ஏமாத்தீருச்சு. ரெண்டு பேரும் தக்காளி நட்டுட்டாங்க. பூவும் பிஞ்சுமா நிக்குது, வெயில் மண்டையைப் பொளக்குது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணின்னா செடி சுருண்டுருது. சரி, தெனமும் ஆளுக்குப் பாதி நேரம்னு முடிவு பண்ணுனாங்க. பகல் கரண்டு ஆறு மணி நேரம். அண்ணனுக்கு மூணு, தம்பிக்கு மூணு. மணிக்கு மணி. ஒருநாள் அவரு முன்னால, மறுநாள் இவன் முன்னால.

தப்பு எங்க இருக்குதுன்னு புடிச்சீங்களா? பெரியவருது பழைய மோட்டாரு, ஆறு மணி நேரக் கேசு. சின்னவனுது புதுசு, மூணு மணி நேரம். சின்னவன் முன்னால போடற நாள்ல மூணு மணி நேரத்துல மொத்தக் கெணறும் அவங் காட்டுக்குப் போயிருது. அப்பறம் பெரியவரு ஸ்விட்சைப் போட்டா வெறுங் காத்துதான் வருது. தாயும் புள்ளையுமா இருந்தாலும் வாயும் வயிறும் வேறதானுங்க? ஒருநாள் பெரியவரு பொறுக்க மாட்டாம மம்மட்டியை எடுத்துட்டுப் போயி சின்னவனோட வாய்க்காலை வெட்டிவிட்டாரு. சின்னவன் கல்லை எடுத்து எறிஞ்சான். பெரியவருக்கு முன்பல்லு ரெண்டு போச்சு. வாயெல்லாம் ரத்தத்தோட எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னாரு. 'மாப்ள, நீங்க கணக்குத் தெரிஞ்சவரு. வந்து ஒரு வழி பண்ணுங்க.'

போனேன். அரை மணி நேரம்கூட ஆகலைங்க. அவங்க களத்து மேட்டுல ஒரு குச்சியை எடுத்து மண்ணுலயே எழுதுனேன். தெரியாததுக்கு ஒரு பேரு வைக்கோணும். பெரியவரு ஓட்டற நேரம் எக்ஸ். சின்னவன் ஓட்டற நேரம் ஒய். ஆளுக்குப் பாதிக் கெணறு. முழுக் கெணத்துக்கு ஆறுன்னா பாதிக்கு எக்ஸ் மூணு. முழுக் கெணத்துக்கு மூணுன்னா பாதிக்கு ஒய் ஒன்றரை. முடிஞ்சுது. பெரியவரு மூணு மணி நேரம், சின்னவன் ஒன்றரை மணி நேரம். தண்ணி சரி பாதி. தப்பிருந்தாச் சொல்லுங்க. இல்லீல்ல?

சின்னவன் குதிக்கறான். 'அவனுக்கு மூணு, எனக்கு ஒன்றரையா? நான் என்ன வப்பாட்டிக்குப் பொறந்தவனா?' அவனுக்கு நேரம்தான் பங்கு. தண்ணி கண்ணுக்குத் தெரியலை. நானும் பொறுமையா எடுத்துச் சொன்னேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. கடைசியில, 'கொக்குக் கணக்குப் போட்ட ஆளுதானே நீ'ன்னு ஒரு வார்த்தை விட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. தலையைக் குனிஞ்சுட்டுச் சரின்னுட்டான்.

யாரு முன்னாலன்னு பெரியவரு கேட்டாரு. மாத்தி மாத்திப் போட்டுக்கறோம்னாரு. நாந்தான் வேண்டாம்னேன். மூத்தவரு முன்னால, எளையவன் பின்னால, அதுதான் மரியாதை. கூட்டல்ல எதை முன்னால வெச்சா என்னங்க? மூணும் ரெண்டும் அஞ்சு, ரெண்டும் மூணும் அஞ்சுதான். யாரும் யாரையும் ஏமாத்தக் கூடாதுன்னு மில்லுல இருந்த பழைய டைம்பீஸ் ஒண்ணு கொண்டாந்து மோட்டார் ரூமுல வெச்சேன். நல்ல கனம், இரும்பு. மூணு மணி நேரம் ஆனா அடிக்கும். அடிச்சதும் பெரியவரு நிறுத்தோணும். அந்த மனுசன் அப்படியே நிறுத்துனாரு. ஒரு நிமிசம்கூட அதிகமா ஓட்டுனதில்லீங்க. அதுல அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

நாலுநாள் கழிச்சு சின்னவன் மில்லு கேட்டுக்கு வந்தான். 'மாப்ள, சேறு வருதுங்க. அரை மணி நேரம் தண்ணி, அப்பறம் வெறும் சேறு. கீழ போகப் போக மோட்டாரு இழுக்க மாட்டேங்குது.' நான் கேட்டேன், 'புது மோட்டாரு முழுக் கெணத்தையும் மூணு மணி நேரத்துல எறைக்குமா எறைக்காதா?' 'எறைக்கும். ஆனா அது மேல் தண்ணியும் சேர்ந்து...' 'ஆனாவெல்லாம் வேண்டாம். எறைக்கும்தானே? அப்ப பாதி ஒன்றரை மணி நேரத்துல வந்தே ஆகோணும். சேறு வந்தா அது உன் மோட்டாரு கோளாறு. கணக்குல சேறு கிடையாது.' திருப்பி அனுப்பீட்டேன்.

இந்தத் தெய்வானை சும்மா இருந்திருக்கலாம். சோறு போடறப்ப, 'ஏனுங்க, ஒருக்கா அந்தக் கெணத்தை எட்டிப் பாத்துட்டு வாங்களேன்'னா. கெணத்தை எதுக்கு எட்டிப் பாக்கோணும்? பரீட்சையில ரயிலு கணக்குப் போடறவன் ஸ்டேசனுக்குப் போயா பாத்துட்டு வர்றான்? சொன்னாக் கேக்கலை. 'நான் அந்தத் தண்ணியில வளர்ந்தவ, அடியில முழுக்கச் சேறுங்க'ன்னு மறுபடியும் ஆரம்பிச்சா. கையில தட்டம் இருந்துது, வீசீட்டேன். பெருசா ஒண்ணும் இல்லீங்க, உதடு கிழிஞ்சுது. அதுக்குப் போயி பையைத் தூக்கிட்டு அண்ணங்க தோட்டத்துக்குப் போயிட்டா. ரெண்டுநாள்ல வந்துருவான்னு நானும் விட்டுட்டேன்.

அதுக்குள்ள பெரியவரே போன் பண்றாரு. குரல் ஒரு மாதிரி இருந்துது. 'மாப்ள, தம்பி செடியெல்லாம் பட்டுப் போச்சு. பாக்க முடியலை. அவன் முன்னால போட்டுக்கட்டும். இல்லீன்னா பழையபடி நாள் விட்டு நாள் வெச்சுக்கறோம், போறது போகட்டும்.' அட, ஊர் கூடிப் போட்ட கணக்கு, ஆளாளுக்கு மாத்துனா எனக்கு என்னங்க மரியாதை? மாத்துனா நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்னு சொல்லீட்டேன். மாப்ளை சொல்லைத் தட்டாத மனுசன். சரிங்க மாப்ளன்னாரு.

ஞாயித்துக்கெழமை நானே போனேன். கெணத்துக்கு இல்லீங்க, ஊட்டுக்கு. சின்னவன் மோட்டார் பைப்பைக் கோடாலியில வெட்டிப் போட்டிருந்தான். பெரியவரோட பைப்பை. கேட்டா, 'இந்தக் கணக்கே வேண்டாம் மாப்ள'ங்கறான். நாலு பேரு பாக்க ஒண்ணு விட்டேன் பாருங்க கன்னத்துல, ஒரே ஒண்ணு. மில்லுல பசங்களை இப்படித்தான் சரி பண்ணுவோம். அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? அவன் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பாக்கலை. என்னையப் பாக்கவும் இல்லை. அண்ணனைத்தான் பாத்தான். அடி குடுத்தது நானு, அவரை எதுக்குப் பாக்கோணும்? அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலை.

மறுநாள் பைப்பை ஒட்டி, பெரியவரு ஓட்டுனாரு. நான் டூட்டியில இருந்தேன். பாத்தது தெய்வானை. மோட்டார் ரூமுக்குக் காப்பி கொண்டுட்டுப் போயிருக்கறா.

டைம்பீஸ் அடிச்சுது. பெரியவரு ஸ்விட்சை அமத்துனாரு. தம்பியைக் கூப்பிட்டு, 'போட்டுக்கடா'ன்னாரு. அவன் போட்டான். தண்ணி வந்துது, கொஞ்ச நேரத்துல மோட்டாரு இருமுச்சு, அப்பறம் பைப்பு வாயில இருந்து கொழகொழன்னு கறுப்பாச் சேறு. செடிமேலயெல்லாம் சேறு. திருமூர்த்தி கையில பெரிய பைப் ஸ்பானர். கேட்டிருக்கான், 'எப்ப நிறுத்துனே?' 'மணி அடிச்சதும் நிறுத்தீட்டேன்டா. தங்கச்சியைக் கேளு.' 'பொய் சொல்றே. எந் தண்ணியைத் திருடிட்டு மாப்ளை கையால என்னையும் அடிக்க வெச்சுட்டே.' சொல்லிட்டே வீசீட்டான். காதுக்கு மேல. பெரியவரு கெணத்துச் செவுத்தைப் புடிச்சு எந்திரிச்சாரு. 'டேய், நாந்தான்டா, அண்ணன்டா'ன்னாரு. நாந்தான்டான்னு சொன்னா விட்டுருவானா? மறுபடியும் அடிச்சான். தெய்வானை ஓடிப்போயி அவங் கையைப் புடிச்சுத் தொங்கியிருக்கறா, அவளையும் ஒதறி எறிஞ்சுட்டு மறுபடியும். மண்டை ஓடு ஒடைஞ்ச சத்தம் காதுல இன்னும் கேக்குதுங்கறா. பெரியவரு செவுத்துமேல மடங்கிச் சாஞ்சாரு, அப்படியே உள்ள போயிட்டாரு.

தொப்புன்னு விழுந்த சத்தம் கேட்டுதாம். தண்ணியில விழுந்த சத்தம் இல்லையாம். அதை அவ மறுபடியும் மறுபடியும் சொல்றா. தண்ணியில விழுந்த சத்தம் இல்லீங்க, தண்ணியில விழுந்த சத்தம் இல்லீங்கன்னு.

திருமூர்த்தி ஸ்பானரைப் போட்டுட்டு உள்ள எட்டிப் பாத்திருக்கான். அப்பறம் படியில தடதடன்னு எறங்குனானாம். சேத்துல குப்புறக் கெடந்தவரைப் பொரட்டிப் போட்டு, மூக்குலயும் வாயிலயும் இருந்த சேத்தை வெரலால தோண்டித் தோண்டி எடுத்தானாம். 'அண்ணா, மூச்சு விடு. அண்ணா, மூச்சு விடு.' பயர் சர்வீஸ்காரங்க வர்ற வரைக்கும் அவரு தலையை மடியில வெச்சுட்டு அங்கயே உக்காந்திருந்திருக்கான். எறங்குனவங்களுக்கு முழங்காலு வரைக்கும் சேறு. பெரியவரை இழுக்கவே முடியலை, கயிறு கட்டித் தூக்குனாங்க. தண்ணி நின்னிருந்தாப் பொழைச்சிருப்பாருன்னு அவங்கள்ள ஒருத்தர் சொன்னாரு. சேத்துல மூச்சு அடைச்சுத்தான் உசிரு போயிருக்குதுன்னாரு.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? அதான், கெணத்துல சேறு இருந்துது. ஒத்துக்கறேன். கெணத்துல இருந்துது. கணக்குலயா இருந்துது? தூர் வாராம விட்டது யாரு குத்தம்?

அழுதேனுங்க நானும். தேம்பித் தேம்பி அழுதேன். பெரியவரு எம்மேல உசிரையே வெச்சிருந்தாரு. எங் கல்யாணத்துக்கு இந்த வாட்ச் அவரு போட்டதுதான். இப்பவும் இதுலதான் நேரம் பாக்கறேன்.

எடுத்துப் பொதைச்சுட்டு வந்து வாசல்ல உக்காந்திருக்கறோம். போலீசு வந்து சின்னவனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. தெய்வானை எம் முன்னால வந்து நின்னா. சீலையெல்லாம் காஞ்ச சேறு. கையில என்னமோ வெச்சிருந்தா, நான் கவனிக்கலை. ஒரு பொட்டு அழுகை இல்லை. 'ஒரு கணக்குங்க'ன்னா. எனக்கு ஒரு பக்கம் சந்தோசமாக்கூட இருந்துது, இருவத்தி ரெண்டு வருசத்துல அவ எங்கிட்டக் கணக்குக் கேட்டதே இல்லை. 'எனக்கு ரெண்டு அண்ணன். நீங்க ஒரு கணக்குப் போட்டீங்க. ஒரு அண்ணன் செத்துட்டான். மீதி எத்தனை?'

என்னங்க சொல்லுவீங்க? ரெண்டாங்கிளாஸ் கழித்தல். நானும் ஆறுதலாத்தான் சொன்னேன். 'ஒண்ணு இருக்குதுல்ல அம்மிணி, மனசை விட்டுராதே'ன்னேன்.

'ஒண்ணுமில்லை'ன்னா. ஓங்கி அடிச்சா. அந்த டைம்பீஸுங்க. நான் குடுத்த அதே டைம்பீஸ். ரெண்டாவது அடியில அதோட கண்ணாடி ஒடைஞ்சு எந் தலைக்குள்ள போயிருச்சு, மூணாவது அடிக்கு முன்னால ஆளுக வந்து புடிச்சுட்டாங்க. அந்தக் கருமம் அப்பத்தான் அடிக்க ஆரம்பிச்சுது. கணகணன்னு நிக்கவே இல்லை.

நீங்க சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு போனா மீதி எத்தனை? ஒண்ணுதானே? ஒருத்தன் உள்ள இருந்தாலும் உசிரோட இருக்கறானா இல்லையா? பத்து வருசமோ பதினாலு வருசமோ, வெளிய வந்தா அண்ணன் அண்ணன்தானே? ஒண்ணுமில்லையாம். இதென்னங்க கொக்குக் கணக்கா?

ஏன் அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க? சொல்லுங்க சார். ஒண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். நீங்க சொன்னா நான் எறங்கிப் போயி அங்க... சரி, வேண்டாம். உங்க வாயால ஒண்ணும் வேண்டாம். தப்புன்னு சொன்னா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. சொல்லீரலாம். காலையில கண்ணாடி முன்னால நின்னு சொல்லிக்கூடப் பாத்தேன். 'நான் போட்ட கணக்கு'ங்கற வரைக்கும் வருது. அதுக்கு மேல வரமாட்டேங்குது. ஏன்னா தப்பு இல்லீங்களே. பாதிக்கு மூணு, பாதிக்கு ஒன்றரை. நீங்களே போட்டுப் பாருங்க, கையில...

என்னங்க? மொட்டப்பாறை பிரிவா? எப்ப? கூப்பிட்டாரா? எனக்குக் கேக்கலைங்களே. அந்தப் பந்தல் போட்டிருந்த எடமா? ஒரு பொம்பளை ரோட்டுக்கே வந்து நின்னுட்டு இருந்தாளே, வெள்ளைச் சீலையில... அது தெய்வானையா? பஸ்ஸைப் பாத்துட்டு இருந்தாளா?

கண்டக்டர்! கண்டக்டர்!

நிறுத்த மாட்டாராமா. அடுத்தது கள்ளிவலசுதானா. சரி விடுங்க, ஒண்ணும் குடி முழுகிப் போகலை. கள்ளிவலசுல எறங்கித் திரும்ப நடந்தா ஆச்சு. எட்டு கிலோமீட்டரு இருக்குமுங்களா? எட்டுன்னே வைங்க. நான் மணிக்கு நாலு கிலோமீட்டரு நடப்பேன். எட்டை நாலால வகுத்தா ரெண்டு மணி நேரம். நல்ல தார் ரோடு, நேர் ரோடு. பந்தி அதுக்குள்ள முடிஞ்சுரும், சனம் எந்திரிச்சுப் போயிரும். ஆனா அது இந்தக் கணக்குல வராது பாருங்க.